நரம்பு சுருட்டலுக்குப் போடற, கால இறுக்கிப் புடிக்கற கம்ப்ரெஷன் சாக்ஸ்: தோசைக்கல்லு முன்னாடி எட்டு மாசம் போட்டுப் பாத்துட்டு எழுதறேன்

மொதல்லயே சொல்லிடறேன், அஞ்சுக்கு நாலு ஸ்டார். ஆனா அந்த நாலுல ரெண்டு சாக்ஸுக்கு, மீதி ரெண்டு என்ன உக்கார வச்சு காலுக்கு இன்ச் டேப் போட்டு அளவெடுத்துக் குடுத்த கடைக்காரருக்கும் அவர் சம்சாரத்துக்கும். ஏன்னா இதே மாதிரி சாக்ஸ அளவு இல்லாம வாங்கிப் போட்டு நான் பட்டது கொஞ்ச நஞ்சம் இல்ல, அதையும் சேத்துதான் எழுதப்போறேன், கொஞ்சம் நீளமா போகும், வெரிகோஸ், அதான் இந்த நரம்பு சுருட்டல், இருக்கறவங்க பொறுமையா படிங்க.

நான் மேற்கு மாம்பலத்துல சின்னதா டிபன் கடை வச்சிருக்கேன். காலைல நாலரை மணிக்கு கல்லு போட்டா பதினோரு மணி வரைக்கும் நின்ன எடம்தான், மறுபடி சாயங்காலம் அஞ்சு மணிலேர்ந்து ராத்திரி பத்து வரைக்கும். பதினாறு வருஷமா இப்படித்தான். ரெண்டாவது பையன் பொறந்தப்பவே இடது கால்ல கெண்டைக்கால் சதைக்குப் பின்னாடி பச்சையா நரம்பு முறுக்கிக்கிட்டு தெரிய ஆரம்பிச்சிது, வலி இல்லையேன்னு விட்டுட்டேன். அப்பறம் சாயங்காலமானா கணுக்கால் வீங்கறது, கால் கல்லு கட்டுன மாதிரி கனக்கறது, ராத்திரி கெண்டை இழுத்துப் பிடிக்கறது, இதெல்லாம் நின்னு வேலை செய்யற எல்லாருக்கும் இருக்கறதுதானேன்னு நெனச்சேன். மூணு வருஷத்துக்கு முன்னாடி உள்பக்க கணுக்காலுக்கு மேல ஒரு காஃபி கலர் திட்டு வந்துது, அது மெல்ல மெல்ல பரவி கை அகலத்துக்கு வந்துடுச்சு, அரிக்கும், சொறிஞ்சா செதில் செதிலா வரும்.

இதுக்கு நான் மொதல்ல போனது ஒரு மெடிக்கல் ஷாப்புக்கு. படர்தாமரைன்னு சொல்லி ஒரு ஆயின்மென்ட் குடுத்தாங்க, போட்டா ரெண்டு நாள் அரிப்பு அடங்கும், விட்டா மறுபடி வரும், இப்படியே ஒரு வருஷம் ஓட்டினேன். அப்பறம் ஒரு கிளினிக்ல அலர்ஜின்னாங்க, கத்திரிக்காய் சாப்பிடாத கருவாடு சாப்பிடாதன்னாங்க. யாருமே என்ன எழுந்து நிக்கச் சொல்லி பொடவைய முட்டி வரைக்கும் தூக்கி காலோட பின்பக்கத்தப் பாக்கல. பாத்திருந்தா நரம்ப பாத்திருப்பாங்க, நரம்ப பாத்திருந்தா இது தோல் வியாதியா ஆரம்பிச்சது இல்ல, ரத்தக்குழாய் கெட்டுப்போனது தோல்ல வந்து நிக்குதுன்னு புரிஞ்சிருக்கும். அந்த ஆயின்மென்ட்ல ஸ்டீராய்டும் நியோமைசின்ங்கற ஆன்டிபயாடிக்கும் கலந்திருந்ததுன்னு பின்னாடி டாக்டர் டியூப பாத்துட்டு சொன்னாங்க. ஸ்டீராய்ட மாசக்கணக்கா போட்டா தோல் மெலிஞ்சு போகும், நியோமைசின் இந்த மாதிரி காலுக்கு சீக்கிரமா ஒத்துக்காம போயிடும், ரெண்டும் சேந்து ஏற்கனவே நொந்து போன தோல இன்னும் நோகடிச்சிருக்கு. எனக்கு இது இன்னைக்கும் ஆறல.

ஒரு விஷயம், நாம இத நரம்பு நரம்புன்னு சொல்றோமே, இது நரம்பே இல்ல. பள்ளிக்கூடத்துல படிச்சிருப்போமே தமனி சிரைன்னு, அதுல இது சிரை. இதயத்துலேர்ந்து ரத்தத்தக் கீழ கொண்டு வர்றது தமனி, திருப்பி மேல ஏத்தறது சிரை. நரம்பு சுருட்டல்னு பேர் வச்சதால பாதிப் பேரு இதுக்கு நரம்பு டாக்டர தேடிப் போறாங்க, இல்லன்னா நரம்புக்கு சத்து ஊசி போட்டுக்கிட்டு வர்றாங்க. நீங்க பாக்க வேண்டியது ரத்தநாள டாக்டர், வாஸ்குலர் சர்ஜன்னு சொல்வாங்க. சென்ட்ரலுக்கு எதுத்தாப்புல இருக்கற நம்ம ஜி.எச்சுல, அதான் ராஜீவ் காந்தி ஆஸ்பத்திரில, இதுக்குன்னு தனி டிபார்ட்மென்டே இருக்கு, காசு இல்லையேன்னு யாரும் தள்ளிப் போட வேணாம்.

எனக்குப் பாத்த டாக்டரம்மா ரொம்ப எளிமையா வெளக்கினாங்க. உங்க வீட்ல மோட்டார் போட்டா தண்ணி மேல டேங்குக்கு ஏறுதில்ல, ஃபுட் வால்வு போயிட்டா என்ன ஆகும், மோட்டார நிறுத்தினதும் ஏறின தண்ணி பூரா கீழ எறங்கிடும், அதேதான் உங்க கால்லயும்னாங்க. கெண்டைக்கால் சதைதான் மோட்டார். நடக்கும்போது அது சுருங்கி விரிஞ்சு ரத்தத்த மேல தள்ளும், சிரைக்குள்ள வழி நெடுக வால்வு இருக்கும், தள்ளின ரத்தம் கீழ எறங்காம புடிச்சுக்கும். வால்வு லூசானா ரத்தம் கணுக்கால்கிட்ட தேங்கும். சும்மா அசையாம நின்னா யாருக்குமே கணுக்கால் சிரைல 80, 90 மில்லிமீட்டர் பிரஷர் இருக்குமாம், பிபிய சொல்ற அதே மில்லிமீட்டர் கணக்குதான். நல்ல கால்ல பத்தடி நடந்தா அது 30க்குக் கீழ எறங்கிடும். வால்வு கெட்ட கால்ல எறங்காது. நான் பதினாறு வருஷமா அந்த பிரஷர்லயே, போதாததுக்கு கல்லு சூட்டுல வேற, கால வச்சிட்டு இருந்திருக்கேன். சூடு பட்டா சிரை இன்னும் விரியும், வீக்கம் அதிகமாகும்.

அந்த காஃபி கலர் திட்டுக்கும் காரணம் சொன்னாங்க. பிரஷர் தாங்காம சின்னச் சின்ன ரத்தக்குழாய்லேர்ந்து சிவப்பணு வெளிய கசிஞ்சு தோலுக்கடியில ஒடஞ்சு அதுல இருக்கற இரும்பு அங்கயே தங்கிடுது. போர் தண்ணி ஊத்தி ஊத்தி பாத்ரூம் டைல்ஸ்ல துருக்கறை புடிக்குமே, அதே இரும்பு, அதே கறை. இத எந்த ஆயின்மென்ட் எடுக்கும் சொல்லுங்க. இத விட்டா அடுத்து தோல் லெதர் பெல்ட் மாதிரி கெட்டியாகும், நடுவுல வெள்ளை வெள்ளையா தழும்பு மாதிரி வரும், அப்பறம் ஒரு நாள் கொசு கடிச்ச எடத்தச் சொறிஞ்சா புண்ணாகி ஆறவே ஆறாது. டாக்டருங்க இத சி1 லேர்ந்து சி6 வரைக்கும் படி பிரிச்சு வச்சிருக்காங்க. சி1 மெல்லிசா சிலந்தி வலை மாதிரி தெரியறது, சி2 முறுக்கின நரம்பு, சி3 வீக்கம், சி4 தோல் மாறுறது, சி5 ஆறின புண்ணு, சி6 ஆறாத புண்ணு. நான் சி4.

அத கேட்டதும் எனக்கு எங்க அம்மா ஞாபகம்தான் வந்துது. அம்மாக்கு இதே எடத்துல, உள்பக்க கணுக்காலுக்கு மேல, பதினோரு வருஷம் புண்ணு இருந்துது. மஞ்சள் போட்டாங்க, வேப்பெண்ணெய் போட்டாங்க, யாரோ சொன்னாங்கன்னு புகையிலை கூட வச்சுக் கட்டினாங்க, சர்க்கரைப் புண்ணுன்னு ஊரே சொல்லிச்சு, டெஸ்ட் எடுத்தா சர்க்கரையே இல்ல. காலக் கெட்டியா கட்டி தூக்கி வச்சிருந்தா ஆறியிருக்கக் கூடிய புண்ணு அது. கட்டறதுதான் மருந்துன்னு எங்களுக்குச் சொல்ல ஆளில்ல. துணியால ஈ மொய்க்காம மூடி வைக்கறதுதான் எங்களுக்குத் தெரிஞ்ச கட்டு. அம்மா போய் ஆறு வருஷம் ஆச்சு. நான் இத எழுத உக்காந்ததே அதனாலதான்.

சரி சாக்ஸுக்கு வரேன்.

மொதல் சாக்ஸ் ஆன்லைன்ல வாங்கினேன், இது டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி, பையன் ஃபோன்ல பாத்து போட்டது. சைஸ் சார்ட்ல எடையும் செருப்பு சைஸும் மட்டும்தான் கேட்டிருந்துது, எல் சைஸ் வந்துது. கணுக்கால்ல தொளதொளன்னு இருக்கும், முட்டிக்குக் கீழ மட்டும் புடிக்கும். ஒரு மணி நேரத்துல மேல் விளிம்பு சுருண்டு சுருண்டு கயிறு மாதிரி ஆகி சதைய வெட்ட ஆரம்பிச்சிடும். சாயங்காலம் பாத்தா அந்தக் கயித்துக்குக் கீழ முன்னவிட அதிகமா வீங்கியிருந்துது. பிராண்டு பேரு வேணாம், தப்பு அதுமேல பாதி எங்க மேல பாதி. ஆனா கணுக்கால் அளவே கேக்காம ஒரு கம்ப்ரெஷன் சாக்ஸ விக்கறாங்கன்னா அத வாங்காதீங்க, அவ்ளோதான். ரெண்டாவது ஒரு மருந்துக்கடைல வாங்கினது, கடைப்பையன் என் கால மேசைக்கு அந்தப் பக்கத்துலேர்ந்தே எட்டிப் பாத்துட்டு “மீடியம்க்கா”ன்னு குடுத்துட்டாரு, அது ரெண்டு நாள்ல குதிகால்ல மடிப்பு விழுந்து தோல் உரிஞ்சிடுச்சு. அந்த உரிஞ்ச எடம் ஆற அஞ்சு வாரம் ஆச்சு, அந்த அஞ்சு வாரமும் நான் தூங்கல, அம்மா புண்ணு இப்படித்தானே ஆரம்பிச்சிருக்கும்னு.

டாக்டர்கிட்ட போனப்பறம்தான் தெரிஞ்சுது, சாக்ஸுக்கு முன்னாடி ரெண்டு டெஸ்ட் எடுக்கணும். ஒண்ணு டாப்ளர் ஸ்கேன். நின்ன மேனிக்கே எடுக்கணும், படுக்க வச்சு எடுத்தா வால்வு லீக் ஒழுங்கா தெரியாது. ஜெல்ல தடவி கெண்டைக்கால அமுக்கி விட்டு ஸ்கிரீன்ல காட்டினாங்க, அமுக்கினா ஒரு கலர்ல ரத்தம் மேல போகுது, விட்டதும் வேற கலர்ல கீழ எறங்குது. அரை செகண்டுக்கு மேல எறங்கினா லீக்குன்னு கணக்கு. எனக்கு ரெண்டு செகண்டுக்கு மேல எறங்கிக்கிட்டே இருந்துது, என் கண்ணால பாத்தேன். இன்னொண்ணு கால்ல பிபி எடுக்கறது. கையில எடுத்த பிபியால கணுக்கால்ல எடுத்த பிபிய வகுக்கணும். 0.9க்கு மேல 1.3க்குள்ள இருந்தா தமனி சரியா இருக்குன்னு அர்த்தம், எனக்கு 1.05. இது எதுக்குன்னா, தமனி அடைச்சிருக்கற கால்ல போய் இறுக்கமான சாக்ஸ போட்டா வர்ற கொஞ்ச ரத்தமும் நின்னு போயிடும், விரலே போயிடலாம். 0.5க்குக் கீழ இருந்தா தொடவே கூடாதுன்னாங்க, நடுவுல இருக்கறவங்களுக்கு டாக்டர் பாத்து கம்மி பிரஷர்ல குடுப்பாங்களாம். சர்க்கரை ரொம்ப வருஷமா இருக்கறவங்களுக்கு தமனி கெட்டிப்பட்டு இந்த நம்பர் நல்லா இருக்கற மாதிரி பொய்யா காட்டும், அவங்களுக்கு கால் விரல்ல தனியா பிரஷர் பாக்கணும். நம்ம ஊர்ல வீட்டுக்கு ஒருத்தருக்கு சர்க்கரை இருக்கு, அதனாலதான் இத இவ்ளோ அழுத்திச் சொல்றேன். ரெண்டு காலும் சமமா வீங்கி மூச்சும் வாங்கினா அது இதயமோ சிறுநீரகமோவா இருக்கலாம், அதுக்கு சாக்ஸ தேடாம டாக்டர தேடுங்க.

டாக்டரம்மா சீட்டுல எழுதினது, முட்டிக்குக் கீழ வரைக்கும், விரல் தெரியற மாடல், பிரஷர் 23லேர்ந்து 32 மில்லிமீட்டர். கூடவே ஒண்ணு சொன்னாங்க, சாக்ஸோட இறுக்கத்த கிளாஸ்னு பிரிச்சிருப்பாங்க, ஆனா கிளாஸ் 2ன்னு மட்டும் கேக்காதீங்க, ஜெர்மன் கணக்குல கிளாஸ் 2ன்னா 23லேர்ந்து 32, பிரிட்டிஷ் கணக்குல கிளாஸ் 2ன்னா 18லேர்ந்து 24தான், அட்டைல நம்பர பாத்து வாங்குங்கன்னு. இது எந்தக் கடைலயும் எனக்கு யாரும் சொல்லாதது.

சீட்ட எடுத்துக்கிட்டு பார்க் டவுன்ல ஒரு பழைய சர்ஜிக்கல் கடைக்குப் போனேன், மதியம் ரெண்டு மணி இருக்கும். கடைக்காரர் வயசானவரு, சீட்டப் படிச்சாரு, கால பாத்தாரு, “இப்ப அளவெடுக்க மாட்டேம்மா, வீங்கியிருக்கு, நாளைக்குக் காலைல கண்ணு முழிச்சதும் வீட்லயே அளவெடுத்துக்கிட்டு வாங்க, இல்ல கடை தொறந்ததும் வாங்க, வர்ற வழில நிக்காதீங்க”ன்னாரு. வாங்க வந்தவங்கள திருப்பி அனுப்பற கடைய நான் அன்னைக்குத்தான் பாத்தேன். எனக்குக் காலைல கடை இருக்கே, அதனால ஒரு அமாவாசை லீவன்னைக்கு ஆட்டோ புடிச்சுப் போனேன். உக்கார வச்சாரு, அவர் சம்சாரம்தான் அளவெடுத்தாங்க. கணுக்கால் எலும்புக்கு மேல ஒல்லியா இருக்கற எடம் 24 சென்டிமீட்டர், கெண்டைக்கால் பெருத்த எடம் 38, தரைலேர்ந்து முட்டி மடிப்புக்கு ரெண்டு விரல் கீழ வரைக்கும் நீளம். ரெண்டு காலுக்கும் தனித்தனியா எடுத்தாங்க. ஒரு ஜோடி 2,450 ரூபா சொன்னாரு, ரெண்டு ஜோடியா எடுத்தா தோச்சு மாத்தலாம்னு அவரே 200 கொறச்சாரு. காச பாத்து மனசு அடிச்சுக்கிச்சு, நெஜமா சொல்றேன், எங்க கடைல அது எத்தன தோசைன்னு கணக்குப் போட்டேன். ஆனா அந்த ஆயின்மென்டுக்கும் கிளினிக்குக்கும் போன மூணு வருஷக் காசு இதவிட அதிகம்.

போடறது எப்படின்னு அவங்க காட்டினதுதான் உண்மையான சர்வீஸ். காலைல கட்டில்லேர்ந்து எறங்கறதுக்கு முன்னாடியே போடணும், கீழ கால் வச்சு பத்து நிமிஷம் ஆயிட்டா ரத்தம் எறங்கிடும். சாக்ஸ குதிகால் வரைக்கும் உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்பி, மொதல்ல பாதத்த நுழைச்சு, குதிகால் சரியா உக்காந்துதான்னு பாத்துட்டு, அப்பறம் மெல்ல மேல உருட்டணும். மேல் விளிம்பப் புடிச்சு இழுக்கவே கூடாது. பாத்திரம் கழுவற ரப்பர் கையுறை ரெண்டு கைலயும் போட்டுக்கிட்டு கீழேர்ந்து மேலா தடவி தடவி ஏத்தினா மடிப்பே விழாது, நகமும் மாட்டாது. வேர்வை கால்ல ஏறாதுன்னா வழுக்கற லைனிங் துணியில பாதத்துக்கு ஒரு சின்ன உறை தெச்சுப் போட்டு அதுமேல சாக்ஸ ஏத்திட்டு விரல் பக்கமா உறைய உருவிடலாம், நான் அப்படித்தான் செய்யறேன். மொத வாரம் ஒரு காலுக்குப் பத்து நிமிஷம் ஆச்சு, கண்ணுல தண்ணி வந்துடுச்சு, இப்ப ரெண்டு காலுக்கும் சேத்து நாலு நிமிஷம். குனிய முடியாத வயசானவங்களுக்கு வீட்ல ஒரு ஆள் கூட இருந்தே ஆகணும்.

பொம்பளைங்களுக்கு மட்டும் ஒண்ணு. கொலுசு போட்டுக்கிட்டு மேல சாக்ஸ் போடக் கூடாது, அமுங்கி தோல்ல பள்ளம் விழும். விரல் தெரியற மாடல்ல மெட்டி பிரச்சினை இல்ல, ஆனா போடும்போது மெட்டில நூல் மாட்டி இழுத்துடும், கழட்டிட்டுப் போட்டு அப்பறம் மாட்டிக்கணும். கல்யாணத்துக்கப்பறம் மெட்டிய கழட்டினதே இல்லன்னு நான் தயங்கினேன், எங்க மாமியார்தான் “கால் இருந்தாதான்டி மெட்டி”ன்னாங்க.

இந்தச் சாக்ஸ் எப்படி வேலை செய்யுதுன்னு ஒரு கதை சொன்னாங்க டாக்டரம்மா, எனக்கு ரொம்பப் புடிச்சுது. கான்ராட் ஜாப்ஸ்ட்னு அமெரிக்கால ஒரு இன்ஜினியர், அவருக்கே கால்ல இந்தப் புண்ணு இருந்திருக்கு. நீச்சல் குளத்துல நிக்கும்போது மட்டும் கால் சொகமா இருக்கறத கவனிச்சிருக்காரு. தண்ணிக்குள்ள ஆழம் போகப் போக பிரஷர் ஏறும், அப்ப கணுக்கால்ல ஜாஸ்தி, மேல போகப் போக கம்மி. அதே மாதிரி புடிக்கற சாக்ஸ 1950ல செஞ்சாரு. அதனாலதான் நல்ல சாக்ஸ் கணுக்கால்ல இறுக்கமாவும் முட்டிகிட்ட லேசாவும் இருக்கணும், எனக்கு மொதல்ல வந்தது அப்படியே தலைகீழ். எங்க ஊர் ஏரில சின்ன வயசுல இடுப்பளவு தண்ணில நின்னு துணி தொவைப்போம், மணிக்கணக்கா நின்னாலும் கால் வலிச்சதே இல்ல. ஏன்னு இப்பதான் தெரியுது.

இப்ப எட்டு மாசக் கணக்கு. ஆவணில ஆரம்பிச்சேன், சித்திரை நடக்குது. கால் கனம் மொத வாரத்துலயே கொறஞ்சுடுச்சு, ராத்திரி கெண்டை இழுக்கறது ஒரு மாசத்துல நின்னுது. அரிப்பு ஆறு வாரத்துல அடங்கிடுச்சு, ஒரு ஆயின்மென்டும் இல்லாம, ராத்திரி தடவற வாசனை இல்லாத வெறும் பாரஃபின் க்ரீமோட. காலைல க்ரீமோ தேங்காயெண்ணெயோ தடவிட்டு சாக்ஸ் போடாதீங்க, எலாஸ்டிக் கெட்டுடும். சாயங்காலக் கணுக்கால் அளவு முன்ன 27 சென்டிமீட்டருக்கு மேல போகும், இப்ப 25 தாண்டறதில்ல. திட்டு? அப்படியேதான் இருக்கு, ஓரம் கொஞ்சம் வெளுத்திருக்கு, அது இரும்புக்கறைங்க, சீக்கிரம் போகாது, ஆனா பரவல, தோல் மெத்துன்னு ஆயிருக்கு. முறுக்கின நரம்பும் சாக்ஸ கழட்டினா அங்கயேதான் இருக்கு. சாக்ஸ் வால்வ சரி பண்ணாது, இத நம்பி வாங்கிட்டு ஏமாறாதீங்க. லீக்காகற சிரைய மூடறதுக்கு லேசரோ ரேடியோ ஃபிரீக்வன்சியோ பண்ணணும், எனக்கும் ஐப்பசில தேதி குடுத்திருக்காங்க, கடைக்கு ஆள் பாத்துட்டு இருக்கேன். புண்ணு இருக்கறவங்க என்ன மாதிரி தள்ளிப் போட வேணாம். இங்கிலாந்துல 450 பேர வச்சு பண்ணி 2018ல வெளியான ஆராய்ச்சி ஒண்ணு இருக்கு, கட்டோட சேத்து சீக்கிரமே சிரைய மூடினவங்களுக்கு புண்ணு 56 நாள்லயும், தள்ளிப் போட்டவங்களுக்கு 82 நாள்லயும் ஆறியிருக்கு, அத்தன நாளுக்குள்ள பாதிப் பேருக்கு ஆறிடுச்சுங்கற கணக்கு அது. எங்க அம்மாக்குப் பதினோரு வருஷம். 56 நாள்னு கேட்டப்ப அந்த ரூம்லயே அழுதுட்டேன்.

கொறைய சொல்லாம விட்டா இது ரிவ்யூ இல்ல. மொத கொறை சென்னை வெயில். தை மாசம் வரைக்கும் ஒண்ணும் தெரியல, பங்குனி பொறந்ததும் கல்லுப் பக்கத்துல சாக்ஸுக்குள்ள வேர்வை ஓடறது தெரியும், முட்டிக்குப் பின்னாடி வேர்க்குரு வந்துது. நான் கண்டுபிடிச்ச வழி, பதினோரு மணிக்கு கடை மூடினதும் கழட்டிட்டு கால கழுவித் தொடச்சு, கால தலகாணில நெஞ்சு ஒசரத்துக்கு மேல தூக்கி வச்சு ஒரு மணி நேரம் படுத்துடுவேன், சாயங்காலம் நாலரைக்கு மறுபடி படுத்து, படுத்த மேனிக்கே காஞ்ச ரெண்டாவது ஜோடியப் போட்டுக்கிட்டு எழுந்திரிப்பேன். டாக்டர்கிட்ட கேட்டுட்டுதான் செய்யறேன். கல்லுக்கும் காலுக்கும் நடுவுல ஒரு தகரத் தடுப்பும் வச்சாச்சு. கூடவே பத்து தோசைக்கு ஒரு தடவ குதிகால தூக்கித் தூக்கி எறக்குவேன், மோட்டார் ஓடணுமில்ல.

ரெண்டாவது கொறை ஆயுசு. தினம் போட்டா ஆறு மாசம்தான், மாசி கடைசில போடறது ரொம்ப சுலபமாயிடுச்சேன்னு சந்தோஷப்பட்டேன், அது சந்தோஷப்படற விஷயம் இல்ல, எலாஸ்டிக் தளந்துடுச்சுன்னு அர்த்தம். மறுபடி செலவு. தோய்க்கறதுக்கு சாதா சோப்பு, பச்சத் தண்ணி, முறுக்காம துண்டுல சுத்தி அமுக்கி நெழல்ல காய வைக்கணும், மொட்டை மாடி வெயில்ல போட்டா இன்னும் சீக்கிரம் போயிடும். மூணாவது கலர். தோல் கலர்னு அட்டைல போட்டிருக்கு, அது நம்ம தோல் கலர் இல்ல, நம்ம கால்ல போட்டா மாவு பூசின மாதிரி தெரியும். நம்ம ஊர்ல இத்தன பேருக்கு விக்கறாங்க, நம்ம கால பாத்து ஒரு கலர் போடக் கூடாதா? நான் கருப்பு வாங்கிட்டேன்.

போட்டப்பறம் விரல் நீலமாவோ மரத்தோ போனா ஒடனே கழட்டிடுங்க. ஒரே கால் திடீர்னு வீங்கி சுடச் சுட வலிச்சா உள்ள ரத்தம் கட்டியிருக்கலாம், அன்னைக்கே ஆஸ்பத்திரி போங்க. நரம்பு ஒடஞ்சு ரத்தம் பீச்சினா பதறாம படுத்து கால ஒசர தூக்கி சுத்தமான துணியால அந்த எடத்தையே அழுத்திப் புடிங்க, அதுக்கு மேல கயிறு கட்டாதீங்க.

எங்க கடைக்கு தி.நகர் துணிக்கடைல வேலை செய்யற பொண்ணுங்க காலைல சாப்பிட வருவாங்க. நின்னுக்கிட்டே இருக்கற பொண்ணுங்க, கடைல வேலை செய்யறவங்களுக்கு உக்கார எடம் குடுக்கணும்னு 2021ல நம்ம தமிழ்நாட்டுல சட்டத்தையே திருத்தினாங்க, ஆனாலும் சாப்பிட வர்றப்ப அதுங்க உக்கார்ற விதத்தப் பாத்தாலே தெரியும். அதுல ஒரு பொண்ணு, இருபத்தி மூணு வயசுதான், போன வாரம் என் சாக்ஸ பாத்துட்டு “இது என்னக்கா”ன்னு கேட்டுச்சு, அப்பறம் யாரும் இல்லாதப்ப சுடிதார் பேன்ட்ட தூக்கி கால காட்டிச்சு. கணுக்காலுக்கு மேல சின்னதா காஃபி கலர்ல ஒரு ரூபா காசளவு. டாப்ளருக்கு எங்க போகணும், என்ன கேக்கணும்னு எழுதிக் குடுத்திருக்கேன், டாக்டர்கிட்ட காட்டறதுக்கு காலைல ஒரு அளவும் ராத்திரி ஒரு அளவும் குறிச்சுக்கலாம்னு சொன்னேன். நாளைக்கு ஆறு மணிக்கெல்லாம் வரேன்னு சொல்லியிருக்கு, இன்ச் டேப்ப கல்லாப்பெட்டி மேலயே எடுத்து வச்சிருக்கேன்.